கழுத்தில் இரண்டு அட்டைகள்

ஜனவரி 12

சின்னவளே,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்னால் போனிலும் கூப்பிட்டாயாம்; பக்கத்து வீட்டுப் பெண் சைகையில் சொன்னாள். என் காதில் போனை வைப்பதும் ஒன்றுதான், செருப்பை வைப்பதும் ஒன்றுதான் என்று எத்தனை தடவை எழுதுவது? அத்தனை வருஷம் கப்பலின் அடித்தட்டில், இன்ஜின் அறைச் சுவரில் தலை வைத்துத் தூங்கியதற்கு அவர்கள் கொடுத்தனுப்பிய பரிசு இந்தக் காது. எதுவானாலும் எழுது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு உடனே படிக்கிறேன்.

மாப்பிள்ளையைச் சுற்றுலாக் கப்பலில் கூட்டிப்போகிறாய் என்றதும் முதலில் பயந்தேன். பிறகு யோசித்தால் அதுதான் சரி என்று படுகிறது. மறதிக்காரரை ரயிலில் கூட்டிப்போனால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கப்பலுக்கு வாசல் ஒன்றுதான். பிடித்ததை இப்போதே செய்துவிடுங்கள் என்று டாக்டரே சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நின்று மற்றவர்களை ஊருக்கு அனுப்பிய டைம்கீப்பர், ஒரு தடவையாவது தானும் ஏறிப் போகட்டும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. ஊருக்கு உபதேசம் என்று சிரிக்காதே. கப்பல் கடையில் வேலை பார்த்தவள் நான். கரை வந்த நாட்களில் வாசலிலும் நின்றவள். பயணிகள் என்னென்ன கூத்து அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பாஸ்போர்ட் இரண்டையும் அறையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துவிடு. கரைக்குப் போகும்போது நகல் போதும், அதையும் உன் பையில் வை. கப்பலில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அதுதான் சாவி, அதுதான் சாப்பாடு, அதுதான் நீ. இறங்கும்போதும் ஏறும்போதும் வாசலில் மிஷினில் காட்டினால் ஒரு சத்தம் வரும், உன் போட்டோ தெரியும். மாப்பிள்ளையின் அட்டையை அவரிடம் கொடுத்துவிடாதே. எங்கேயாவது வைத்துவிட்டு முழிப்பார். இரண்டையும் நாடாவில் கோத்து உன் கழுத்தில் போட்டுக்கொள்.

கடை விஷயம். துறைமுக வாசலில் முதலில் கண்ணில் படுகிற கடையில் எதையும் வாங்காதே. வழிகாட்டி கைகாட்டுகிற கடைக்குள் காலே வைக்காதே. அவனுக்கு அதில் பங்கு. இரண்டு தெரு உள்ளே போனால் அதே சாமான் பாதி விலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. கடற்கரைக்குக் கூட்டிப்போகிற ஊரில் நல்ல தையல் கத்தரிக்கோல் கிடைக்கும், கனமானது, கைப்பிடி கறுப்பு. எனக்கு ஒன்று வாங்கி வா. என்னுடையது துணியைக் கடித்துத் துப்புகிறது.

கடற்கரை நாளில் நகை போடாதே. அவர் பாக்கெட்டில் ஒன்றும் வைக்காதே. தண்ணீரில் நனையும், இல்லையென்றால் எவனாவது எடுப்பான். குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி பிடி. கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதே. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே ஒரு இடத்தைக் காட்டி, அங்கேயே உட்கார வேண்டும் என்று அவர் மண்டையில் ஏறும்வரை சொல். திரும்பத் திரும்பச் சொன்னால் பழகிவிடும் என்று நீதானே எழுதியிருந்தாய்?

நன்றாகச் சாப்பிடு. நீ இளைத்துப் போயிருக்கிறாய் என்று போட்டோ சொல்கிறது.

அக்கா

பிப்ரவரி 3, கப்பலில் இருந்து

அக்கா,

நீ சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அட்டைகள் என் கழுத்தில் மணி கட்டின மாதிரி ஆடிக்கொண்டிருக்கின்றன. எல்லாருக்கும் ஒரு நீலத் தொப்பி இலவசமாகக் கொடுத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கப்பலில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் உன் மாப்பிள்ளைதான்.

அவர் சந்தோஷமாக இருக்கிறார். லிப்ட் வாசலில் போய் நின்றுகொள்கிறார். ஆட்கள் ஏறி முடித்ததும் கையை உயர்த்தி, “வண்டி எடுக்கலாம்” என்கிறார். கதவு மூடுகிறது. அவர் சொல்லித்தான் மூடியது என்று அவருக்கு எண்ணம். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு வயதான அம்மாள் தினமும் அவருக்குச் சல்யூட் அடித்துவிட்டுத்தான் மேலே போகிறாள்.

நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: “நீங்க எந்த ஊருக்குப் போகணும்மா?” நான், உங்க ஊருக்குத்தான் என்றேன். “அப்ப அடுத்த வண்டி. உக்காருங்க” என்றார். சிரிப்பதா அழுவதா தெரியாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அசதிதான், அக்கா. அவர் தூங்கும்போது மட்டும்தான் நான் மனுஷி. ஆனால் இங்கே வாசல் ஒன்றுதான் என்று நீ எழுதியது தைரியமாக இருக்கிறது. இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நாளைக்குக் கடற்கரை. உன் கத்தரிக்கோலை மறக்க மாட்டேன்.

சின்னவள்

பிப்ரவரி 21

சின்னவளே, என் கண்ணே,

நீ போனில் சொன்னதை எல்லாம் பக்கத்து வீட்டுப் பெண் தாளில் எழுதிக் காட்டினாள். மூன்று தடவை படித்தேன். எந்த வரியும் உள்ளே இறங்கவில்லை. மாப்பிள்ளையா, கடலிலா? என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மிஷினில் பாதித் துணி அப்படியே கிடக்கிறது.

நான் புறப்பட்டு வருகிறேன். அதற்குள் இரண்டு விஷயம் சொல்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

கப்பல் அலுவலகத்தில் ஒரு தாள் கொடுப்பார்கள் என்றாயே, கப்பலில் ஏறிய பிறகு கடலில் தவறி விழுந்ததாகக் கருதப்படுகிறார் என்று, அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். அந்தத் தாள் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாமல் அவர் பென்ஷன் உன் பேருக்கு மாறாது. கடலில் காணாமல் போனவர்களின் வீட்டுக்காரர்கள் ஏழெட்டு வருஷம் அலைவதைப் பார்த்தவள் நான். உனக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இன்னொன்று. வாசலில் இரண்டு அட்டையையும் நான்தான் நீட்டினேன் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாயாம். வாயை மூடு. துக்கத்தில் சொல்கிறாய். அந்த ஆட்களை எனக்குத் தெரியும். பழியைத் தூக்கி உன் மடியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நம்முடைய வாய்தான் நமக்கு எதிரி.

சாப்பிட்டாயா? யார் இருக்கிறார்கள் உன்னோடு?

அக்கா

மார்ச் 2

அக்கா,

வராதே. ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததை நேராகக் கேள். நான் போனில் அழுதுகொண்டே சொன்னதை அந்தப் பெண் பாதி எழுதி, நீ பாதி புரிந்துகொண்டு, உன் மாப்பிள்ளையைக் கடலில் தள்ளிவிட்டீர்கள்.

அவர் கடலில் விழவில்லை. கப்பலுக்குத் திரும்பவே இல்லை.

கடற்கரையில் இருந்து துறைமுகத்துக்கு வேன் விடுகிறார்கள். அது நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடம் என்று காலையிலேயே அதைத்தான் அவருக்குக் காட்டியிருந்தேன். சாயந்திரம் கிளம்பும்போது, எதிர்த்த கடையில் உன் கத்தரிக்கோல் தொங்குவதைப் பார்த்தேன். கறுப்புக் கைப்பிடி. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னேன், “இங்கேயே உக்காந்திருங்க. எங்கயும் போகாதீங்க. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.” தலையாட்டினார். கடைக்காரன் சில்லறை எண்ணும்போது திரும்பிப் பார்த்தேன். வேன் கதவுப் பக்கத்தில் நின்று ஆட்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் வேன் நடுவில் மறைத்தது. அது நகர்ந்த பிறகு பார்த்தால் நாற்காலி காலி.

ஏறிவிட்டார் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? அடுத்த வேன் டிரைவரும், நீலத் தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் முன் வண்டியில் ஏறினதைப் பார்த்தேன் என்றார். எத்தனை நீலத் தொப்பி என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டை என் கழுத்தில் இருக்கிறதே, வாசலில் அவரை நிறுத்தி வைத்துத் திட்டுவார்களே என்ற ஒரே பதைப்பு. அந்த வேனில் ஏறி உட்கார்ந்தேன். அது உடனே புறப்பட்டது.

துறைமுகத்தில் இறங்கும்போது மழை கொட்டியது. கூரைக்கு அடியில் எல்லாரும் முண்டியடித்தார்கள். எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி நீலத் தொப்பி, அவர் முதுகு, அவர் சட்டை நிறம். இவர் கூட நான், இவர் கூட நான் என்று கத்திக்கொண்டே இரண்டு அட்டையையும் நீட்டினேன். காவலாளி வாங்கி இரண்டு தடவை சத்தம் வர வைத்துவிட்டு, போங்க போங்க என்றான். அந்தத் தொப்பி உள்ளே போய்விட்டது. என்னைப் பையோடு நிறுத்திவிட்டார்கள். கத்தரிக்கோலைக் கப்பலுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். அத்தனை வருஷம் அங்கே இருந்தவள், எல்லாம் சொன்னவள், அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாய். அதை எடுத்து வைத்து, ரசீது எழுதி, கையெழுத்து வாங்கி விடுவதற்குள் தொப்பியைக் காணோம். அறைக்குப் போயிருப்பார் என்று ஓடினேன். அறையில் இல்லை. லிப்ட் வாசல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் கரையில் இருக்கிறார் என்று எனக்கு உறைத்தபோது காலடியில் தரை நகர்ந்துகொண்டிருந்தது.

அழுதேன், காலில் விழுந்தேன். மிஷின் சொல்கிறது, உங்கள் கணவர் உள்ளே வந்துவிட்டார் என்றார்கள். கப்பல் முழுக்கத் தேடினார்கள். தேடி இல்லை என்றதும், அப்படியானால் கடலில்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். கரைப் போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னார்களாம். அவர்கள் பதிவேட்டிலும் அவர் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றே இருக்கிறதாம். கிளம்பிவிட்டவரை யார் தேடுவார்கள்?

இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். வாசலில் ஆள் இல்லாமலே அட்டை சத்தம் போடும், கூட்ட நேரத்தில் முகம் பார்க்க மாட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஒருத்தர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சாட்சி இருந்தால் வழக்கை எடுக்கலாம் என்று விசா அலுவலகத்துப் பெண் சொன்னாள். வழக்கு இருந்தால் விசா உடனே வரும். கப்பலில் போனபோது, அன்றைக்கே இறங்கி அன்றைக்கே ஏறும் சீட்டே போதுமாயிருந்தது. தனியாகப் போக விசா இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். அந்த ஒருத்தர் நீதான். உன் சிநேகிதிகள் இல்லாமலே அவர்களுக்கு நீயே அட்டை காட்டிய கதையை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

அதை எழுதிக்கொண்டு வா. இல்லையென்றால் வராதே. அந்தக் கையெழுத்துத் தாளை நான் வாங்க மாட்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பென்ஷனை எண்ணிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அவர் பாக்கெட்டில் ஒன்றுமே இல்லை, அக்கா. அவர் பேரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது.

சின்னவள்

மார்ச் 10

சின்னவளே,

உன் கடிதம் என் மடியில் கிடக்கிறது. நாலு நாளாக ஒரு பிளவுஸுக்குக் கைவைத்துத் தைக்க முடியவில்லை.

கத்தரிக்கோல் என்று எழுதியிருக்கிறாய். சரி, எழுதிக்கொள். எனக்கு அது உறைக்கவில்லை என்றா நினைக்கிறாய்? நான் கேட்காமல் இருந்திருந்தால் நீ கடைக்குள் போயிருக்க மாட்டாய். அதை என்னால் மாற்ற முடியாது. மேற்கொண்டு உனக்கு ஒரு கேடு வராமல் தடுக்கத்தான் முடியும்.

நீ கேட்டதை எழுதித் தர மாட்டேன். கோபப்படாமல் காரணத்தைக் கேள். நான் அப்படி எழுதிக் கொடுத்தால் முதலில் என்ன கேட்பார்கள்? அட்டையை நீட்டியது யார் என்பார்கள். மனைவி. ஆள் கூட இல்லாமல் மனைவி ஏன் அவர் அட்டையை நீட்டினாள் என்பார்கள். கப்பலில் ஏறிவிட்டதாகக் காட்டி, புத்தி மங்கிய மனுஷனைக் கரையில் விட்டுவிட்டு வந்தாள் என்று எழுதுவார்கள். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இவரை ஒருநாள் எங்கேயாவது விட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது என்று போன வருஷம் உன் வாசலில் நின்று நீ சொன்னாயே, எனக்கே எழுதிக்கூடக் காட்டினாயே. பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். வாயிலிருந்து வந்த சொல்லை வழித்து உள்ளே போட முடியுமா?

அலுப்பில் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. உன்னை ஜெயிலில் வைத்துவிட்டு நான் யாருக்கு அக்கா?

இன்னொன்றும் சொல்கிறேன், வயிற்றெரிச்சல் பட்டாலும் படு. அவர் கரையில் இருந்தார் என்றே வை. ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேர் தெரியாத, கையில் காசில்லாத மனுஷன். நம்பிக்கை வைத்து நீ வதங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கொஞ்சம் பொறு. அந்தத் தாளை வாங்கு. ஆறட்டும். பிறகு யோசிப்போம்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

ஆமாம், சொன்னேன். வாசலில் நின்று சொன்னேன். அன்றைக்கு அவர் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தார். இன்னும் மோசமாகவும் மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். அவர் மாதிரி ஒருத்தரைக் குளிப்பாட்டிவிட்டு வந்து உட்கார்ந்த எவளும் சொல்லாத சொல்லை நான் சொல்லவில்லை.

நீ என்னைக் காப்பாற்றுகிறாய். அவரை யார் காப்பாற்றுவது?

விசாவுக்குச் சுற்றுலா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கடற்கரை என்றேன். வழக்கு என்றால் உடனே கிடைத்திருக்கும். சுற்றுலாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறேன்.

இதற்குப் பதில் போடாதே.

சின்னவள்

ஏப்ரல் 9, அந்த ஊரில் இருந்து

அக்கா,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வந்து இறங்கிய அன்றே கடற்கரைக்குப் போனேன். நாற்காலி அங்கேயே இருக்கிறது. கடற்கரையில் நாற்காலி வாடகைக்கு விடுகிற, தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி பக்கத்தில் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தாள். அவர் போட்டோவைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், “வரேன்னு சொல்லிட்டுப் போனது நீங்கதானா?”

மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அவர் வேனில் ஏறவில்லை. ஆட்களை ஏற்றிவிட்டு, வண்டி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கச் சுவருக்குப் பின்னால் குழாய்க்குப் போயிருக்கிறார். குடித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுவர் என் தோள் உயரம்கூட இல்லை. நான் வேனில் ஏறியபோது அவர் அதற்குப் பின்னால் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இருட்டின பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். வரமாட்டேன் என்றாராம். “வீட்டுக்காரி வரேன்னு சொல்லியிருக்கா. நான் எழுந்து போனா அவ எங்க தேடுவா?” இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ் வந்திருக்கிறது. பேர் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. பாக்கெட்டைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கப்பலில் கேட்டார்கள். கரையில் யாரையும் விட்டுவிட்டு வரவில்லை என்று பதில் வந்ததாம். ஆதரவில்லாதவர்கள் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து நடந்தே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வழி மறந்தவருக்கு அந்த நாற்காலிக்கு வழி மறக்கவில்லை. மறுபடியும் கொண்டுபோனார்கள், மறுபடியும் வந்தார். அப்புறம் விட்டுவிட்டார்கள். வேன் டிரைவர்கள் ரொட்டியும் டீயும் கொடுத்திருக்கிறார்கள். அவர் கை காட்டாமல் ஒரு வண்டியும் எடுக்க மாட்டார்களாம். அந்தப் பெண் ராத்திரிக்குப் போர்வை போட்டுவிட்டுப் போவாள். ஊர் பேர் தெரியாத மனுஷனுக்கு அவள் செய்தது, நானும் நீயும் பதில் எழுதிக்கொண்டிருந்த நாட்களில்.

மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்திருக்கிறது. காய்ச்சல் வந்து மார்பில் சளி கட்டிவிட்டது. டிரைவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி போய்விட்டார். நான் வந்து இறங்கியது ஏப்ரல் மூன்று.

கணக்குப் போட்டுப் பார்க்காதே. நான் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அடையாளம் தெரியாதவர்களைப் புதைக்கிற இடம் இருக்கிறது. ஒரு தகரத்தில் நம்பர் அடித்து நட்டிருக்கிறார்கள். பேர் போடுங்கள் என்று கேட்டேன். இந்தப் பேருள்ளவர் இந்த ஊரை விட்டுக் கப்பலில் போய்விட்டார், பதிவு இருக்கிறது என்கிறார்கள். என் புருஷன் இங்கே செத்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். நாற்காலிப் பெண் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அவளும் விதவை, அதிகம் பேசமாட்டாள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். திட்டும்போதெல்லாம் அந்தக் குட்டைச் சுவர் வந்து நடுவில் நிற்கிறது. ஒரு பத்து அடி நடந்து எட்டிப் பார்த்திருக்கலாம். அதை நீ எழுதி அனுப்பியா நான் செய்ய வேண்டும்?

சின்னவள்

ஏப்ரல் 24

சின்னவளே,

இதோடு இருக்கிற தாளைப் பிரித்துப் படி. நீ மார்ச்சில் கேட்டது. கப்பல் வாசலில் நான் எத்தனை தடவை ஆள் இல்லாமல் அட்டை காட்டினேன், யார் யாருக்குக் காட்டினேன், எந்தக் காவலாளி பார்த்துக்கொண்டே விட்டான், எல்லாம் என் பேர் போட்டு எழுதி, வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்மேல் வழக்கு வரலாம் என்றார் வக்கீல். வாயசைவில் புரிந்தது. வரட்டும் என்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்ல மாட்டாய், நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தகரத்தில் அவர் பேர் வந்தால் போதும்.

நான் வருகிறேன். வேண்டாம் என்றாலும் வருகிறேன். விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. என்ன எடுத்துக்கொண்டு வருவது, எங்கே இறங்குவது, யாரிடம் கேட்பது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீ சொல்.

அக்கா

மே 6

அக்கா,

தாள் வந்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை எழுதியவரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அதனால் வா.

பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாதே, கையிலேயே வைத்துக்கொள். அந்தத் தாளுக்கு வக்கீலிடம் இருக்கிற பிரதியில் இன்னும் இரண்டு நகல் எடு. எங்கள் கல்யாணப் பதிவுத் தாள் உன் பீரோவில் நீலப் பையில் இருக்கிறது, கேட்பார்கள். அவருடைய டிப்போ விசில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி எதிர் வீட்டில். அதை எடுத்து வா. யாரும் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

கடையில் ஒன்றும் வாங்காதே. அந்தப் பெண்ணுக்கு வேண்டுமானால் ஒரு நல்ல போர்வை கொண்டு வா, கனமானதாக. அவளுடையதை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். கத்தரிக்கோலைக் கப்பல்காரர்கள் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், எதிர் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை நீ எடுத்துக்கொள். என் கண்ணில் காட்டாதே.

உன் பேர், என் பேர், இந்த வீட்டு முகவரி, உனக்குக் காது கேட்காது என்பது, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிப் பாக்கெட்டில் வை. இன்னொன்றைப் பையில் வை. கடற்கரையாக இருந்தாலும் சரி, நனைந்தாலும் சரி.

விமான நிலையத்தில் இருந்து பஸ்ஸில் துறைமுகத்துக்கு வா, அங்கிருந்து வேன் உன்னைக் கடற்கரையில் இறக்கிவிடும். அங்கே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். வேறு இடம் இல்லை, அதில்தான் உட்கார வேண்டும். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

எனக்கு நேரமானால் உட்கார்ந்தே இருந்துவிடாதே, அக்கா. எழுந்து என்னைத் தேடிக்கொண்டு வா.

சின்னவள்